ராக் அண்ட் ரோலின் முதல் தலைமுறையும் காஸ்பல் இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950-களின் நடுவில் அமெரிக்காவில் எழுந்த ராக் அண்ட் ரோல் இசையின் முதல் தலைமுறைக் கலைஞர்களில் பலர், சம்பளத்துக்குப் பாடத் தொடங்குவதற்கு முன்பே தேவாலயத்தில் பாடிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் அவர்களுடைய குரலிலும் தாளத்திலும் மேடை நடத்தையிலும் எப்படித் தங்கியது, அதனால் அவர்களுக்கு என்னென்ன சங்கடங்கள் வந்தன என்பவற்றைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

காஸ்பல் இசை என்று இங்கே குறிப்பிடப்படுவது எது?

அடிமைக் காலத்தில் கறுப்பின மக்கள் பாடிய ‘ஸ்பிரிச்சுவல்’ பாடல்களிலிருந்து இது வேறானது. காஸ்பல் என்று இன்று அறியப்படும் கிறிஸ்தவ பக்தி இசை 1930-களில் சிகாகோ போன்ற வடக்கு நகரங்களில் உருப்பெற்றது. தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினக் குடும்பங்கள் அங்கே கட்டியெழுப்பிய சபைகளே அதன் தொட்டில். அதன் தந்தை என்று போற்றப்படும் தாமஸ் ஏ. டார்சி, 1899-இல் ஜார்ஜியாவில் பிறந்தவர். 1920-களில் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில், கறுப்பின மக்களின் உலகியல் பாட்டு மரபான புளூஸ் இசையைப் பியானோவில் வாசித்தவர். மா ரெய்னி என்னும் புகழ்பெற்ற புளூஸ் பாடகிக்குப் பக்கவாத்தியமாக இருந்தவர். டாம்பா ரெட் என்ற கிதார் கலைஞருடன் சேர்ந்து 1928-இல் அவர் வெளியிட்ட இரட்டை அர்த்தப் பாடல் ஒன்று பெரும் விற்பனை கண்டது. 1932-இல் அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்தார்; பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துயரத்தில் அவர் எழுதிய ‘டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்’ என்ற பாடல் காஸ்பல் உலகின் அடிப்படைப் பாடல்களுள் ஒன்றாயிற்று. ஆகவே காஸ்பல் இசை பிறக்கும்போதே அதன் உடம்பில் புளூஸ் இரத்தம் ஓடியது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் பல சண்டைகளை அப்போதுதான் சரியாகப் புரிந்துகொள்ள முடியும்.

இதற்கு இணையாக, தென் மாநில வெள்ளையரிடையே நால்வர் குழுக்களை மையமாகக் கொண்ட இன்னொரு காஸ்பல் மரபும் வளர்ந்தது. எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றிப் பேசும்போது அதுவும் தேவைப்படும்.

ராக் அண்ட் ரோல் என்பது புளூஸும் கன்ட்ரி இசையும் கலந்த கலவை என்றுதானே சொல்வார்கள்?

அப்படித்தான் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அந்தக் கூற்று பொய் அல்ல. ஆனால் அது பாடல்களின் கட்டமைப்பை மட்டும் பார்க்கிறது. பன்னிரண்டு தாளக் கட்டங்கள் கொண்ட புளூஸ் வடிவத்தையும், கன்ட்ரி எனப்படும் தென் மாநில வெள்ளையர் நாட்டுப்புற இசையின் கதை சொல்லும் முறையையும் எடுத்துக்கொண்டு, அவற்றை அப்படியே ஒரு பழைய புளூஸ் பாடகர் பாடியிருந்தால், கேட்பவர் தலையசைத்திருப்பார். இருக்கையை விட்டு எழுந்து கத்தியிருக்க மாட்டார். கூட்டத்தை எழுப்பிவிடும் அந்த முறை, அதாவது ஒரு பாடலைப் படிப்படியாகச் சூடேற்றி உச்சிக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தி வைக்கும் வித்தை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பல பத்தாண்டுகளாகப் பண்படுத்தப்பட்ட ஒன்று. என் கருத்தில் ராக் அண்ட் ரோல் தேவாலயத்திடம் பட்ட கடன்களில் மிகப் பெரியது அதுதான்; மெட்டுகளும் சொற்களும் அதற்கு அடுத்த இடத்தில் வருபவை.

எல்லாச் சபைகளும் இதில் சமமான பங்கு வகித்தனவா?

இல்லை. பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் சபைகள் நல்ல பாடகர்களைத் தந்தன; ஆனால் தாளத்தையும் வாத்தியங்களையும் ஆராதனைக்குள் தடையின்றி அனுமதித்தவை பெந்தெகொஸ்தே, பரிசுத்த சபைகள். 1906-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அசூசா தெருவில் வில்லியம் ஜே. சீமோர் என்ற கறுப்பினப் போதகர் நடத்திய எழுப்புதல் கூட்டங்களிலிருந்து பெந்தெகொஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவியது. அங்கே போய்த் திரும்பிய சார்லஸ் ஹாரிசன் மேசன் வழிநடத்திய ‘சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்’ என்ற சபை மெம்பிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. தம்புரும் கைத்தாளமும் எக்காளமும் கொண்டு கர்த்தரைத் துதிக்கச் சொல்லும் 150-ஆம் சங்கீதத்தை அந்தச் சபையார் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். முரசும் கிதாரும் ஊதுகுழலும் வழிபாட்டுக்குள் வந்தன. ஆவி நிறைந்தவர்கள் எழுந்து ஆடுவதும் கூவுவதும் இயல்பாயின.

அந்தச் சபையைச் சேர்ந்த அரிசோனா டிரேன்ஸ் என்ற பார்வையற்ற பியானோ கலைஞர் 1926-இல் சிகாகோவில் ஓகே நிறுவனத்துக்காகப் பதிவு செய்த இசைத்தட்டுகளைக் கேட்டால், மதுக்கடைகளில் ஒலித்த பியானோ நடையும் துதிப்பாடலும் ஒரே விரல்களில் இருப்பதை உணரலாம். ராக் அண்ட் ரோல் பியானோவின் முன்னோடிகளை எண்ணும்போது அவரை விட்டுவிடுவது நியாயமில்லை.

இசை நுட்ப அளவில் எவை எடுத்துக்கொள்ளப்பட்டன?

முதலில் நினைவுக்கு வருவது முன்பாட்டும் பின்பாட்டும். ஒருவர் ஒரு வரியைப் பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடும் முறை நம் ஊர் பஜனைக் கூட்டங்களில் இருப்பதைப் போன்றதே. ஆனால் காஸ்பலில் பின்பாட்டுக்காரர்கள் வரியைத் திருப்பிச் சொல்வதோடு நிற்பதில்லை, தலைமைப் பாடகரை மேலும் மேலும் தூண்டிவிடுகிறார்கள். ரே சார்லஸ் 1959-இல் பதிவு செய்த ‘வாட் ஐ சே’ என்ற பாடலில் அவரும் ‘ரேலெட்ஸ்’ என்ற பெண்கள் குழுவும் ஒருவரையொருவர் கூவி அழைக்கும் பகுதி முழுக்க முழுக்க இந்த முறையில் அமைந்தது. பேச்சு காதலைப் பற்றியது என்பதால் சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன.

அடுத்தது தாளம். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் இரண்டாவதிலும் நான்காவதிலும் கை தட்டுவது கறுப்பினச் சபைகளின் பழக்கம். 1947-இன் இறுதியில் வைனோனி ஹாரிஸ் பதிவு செய்த ‘குட் ராக்கிங் டுநைட்’ பாடலில் அந்தக் கைத்தட்டல் பாடல் முழுவதும் ஓடுகிறது. கேளிக்கை விருந்தைப் பற்றிய அந்தப் பாடலின் சொற்களை நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு ஞாயிறு ஆராதனை. இதே பாடலை 1954-இல் எல்விஸ் மெம்பிஸின் சன் நிறுவனத்தில் பாடினார். ராக் அண்ட் ரோல் முரசின் முதுகெலும்பாக இந்த இரண்டு-நான்கு அழுத்தம் நிலைபெற்றதற்குச் சபைக் கைத்தட்டல் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் அதற்குக் கணிசமான பங்கு உண்டு.

மூன்றாவதை நால்வர் குழுக்கள் தந்தன. 1940-களில் இக்குழுக்கள் மெல்லிய இசைவில் பாடுவதை விட்டு ‘கடினப் பாணி’க்கு மாறின. பாடலின் நடுவில் மற்றவர்கள் ஒரு சிறு தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க, தலைமைப் பாடகர் அதன்மேல் மனம்போன போக்கில் பேசியும் பாடியும் அலறியும் போவார். கூட்டம் கொதிக்கும் வரை அதை நிறுத்த மாட்டார்கள். மிசிசிப்பியின் ‘ஃபைவ் பிளைண்ட் பாய்ஸ்’ குழுவின் ஆர்ச்சி பிரவுன்லீ என்பவரின் அலறல் இதில் பெயர்பெற்றது. ‘டிக்ஸி ஹம்மிங்பேர்ட்ஸ்’ குழுவின் ஐரா டக்கர் மேடையிலிருந்து குதித்து, கூட்டத்துக்கு நடுவே ஓடி, மண்டியிட்டுப் பாடுவார். பின்னாளில் ராக் பாடகர்களின் கட்டுக்கடங்காத புதுமை என்று செய்தித்தாள்கள் வியந்தவற்றில் பலவற்றைக் கறுப்பின மக்கள் சபை மண்டபங்களில் ஏற்கெனவே கண்டிருந்தார்கள்.

ஒரே அசையைப் பல சுரங்களில் இழைப்பது, கள்ளக்குரலுக்குத் திடீரென்று தாவுவது, அழுகையும் பாட்டும் பிரிக்க முடியாதபடி குரலை உடைப்பது ஆகியவையும் அங்கிருந்தே வந்தன. பாப்டிஸ்ட் போதகரின் மகனான கிளைட் மெக்ஃபாட்டர், நியூயார்க்கில் ‘மவுண்ட் லெபனன் சிங்கர்ஸ்’ என்ற காஸ்பல் குழுவில் பாடிவிட்டு ‘டாமினோஸ்’ குழுவுக்கு வந்தவர். அவர் பாடி 1952-இல் ரிதம் அண்ட் புளூஸ் (கறுப்பின மக்களின் ஜனரஞ்சக இசை) பட்டியலில் முதலிடம் பிடித்த ‘ஹேவ் மெர்சி பேபி’, இரக்கம் கேட்கும் ஜெபத்தைக் காதலியிடம் திருப்பியதே தவிர வேறில்லை. ஜேம்ஸ் பிரவுனின் குழுவும் ஜார்ஜியாவின் டொக்கோவா ஊரில் காஸ்பல் குழுவாகத் தொடங்கியதுதான்.

சிஸ்டர் ரொசெட்டா தார்ப் ஏன் இவ்வளவு முக்கியமானவராகக் கருதப்படுகிறார்?

ராக் அண்ட் ரோல் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே அதை அவர் வாசித்துக் காட்டினார் என்பதால். 1915-இல் ஆர்கன்சாவின் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்த ரொசெட்டாவின் தாய் கேட்டி பெல் நூபின், மேற்சொன்ன சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் சபையின் சுவிசேஷகர், மாண்டலின் வாசிப்பவர். சிறுமிப் பருவத்திலேயே ரொசெட்டா தாயோடு ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் கிதார் வாசித்துப் பாடினார். 1938-இல் நியூயார்க்கில் டெக்கா நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த ‘ராக் மீ’ என்ற பாடல் டார்சி எழுதிய பக்திப்பாடலின் மறுவடிவம். அதே ஆண்டில் அவர் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியிலும், டிசம்பரில் கார்னகி மண்டபத்திலும் பாடினார். கடவுளைப் பற்றிய பாடலை மது அருந்துபவர்கள் முன்னால் பாடியதைச் சபையார் பலர் மன்னிக்கவில்லை.

பியானோக் கலைஞர் சாமி பிரைஸின் சிறு குழுவுடன் 1944-இல் அவர் பதிவு செய்த ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே’, மறு ஆண்டு பில்போர்டு இதழின் கறுப்பின இசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. காஸ்பல் பாடல் ஒன்று அவ்வளவு உயரம் போனது அன்றைக்குப் பெரிய செய்தி. துள்ளும் பியானோ, அதற்கு மேல் கூர்மையான மின்கிதார், நையாண்டி கலந்த குரல் என்ற அந்தச் சேர்க்கையைக் கேட்பவர்கள், பத்தாண்டுக்குப் பிந்தைய இசையைக் கேட்பதாகவே நினைப்பார்கள். முதல் ராக் அண்ட் ரோல் இசைத்தட்டு எது என்ற ஓயாத விவாதத்தில் இதையும் சிலர் முன்வைக்கிறார்கள். அப்படி ஒரே ஒரு இசைத்தட்டுக்குப் பட்டம் சூட்டும் முயற்சியில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் போட்டியில் இது இல்லாவிட்டால் அந்தப் போட்டிக்கே பொருளில்லை.

அவருக்கு விளம்பரக் கலையும் கைவந்தது. 1951 ஜூலை 3-ஆம் நாள் வாஷிங்டன் நகரின் கிரிஃபித் விளையாட்டரங்கில், 20,000-க்கும் மேற்பட்டோர் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்க, அவர் தம் திருமணத்தை நடத்திக்கொண்டார். சடங்கு முடிந்ததும் மணக்கோலத்திலேயே மின்கிதாரை மாட்டிக்கொண்டு கச்சேரி செய்தார். அரங்க ராக் நிகழ்ச்சி என்ற எண்ணமே பிறக்காத காலம் அது. 1964-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ரயில் நிலைய நடைமேடையில் மழை ஈரத்தில் நின்று அவர் பாடிய தொலைக்காட்சிப் பதிவு இன்றும் கிடைக்கிறது.

1973-இல் பிலடெல்பியாவில் அவர் இறந்தபோது கல்லறைக்குப் பெயர்க்கல்கூட வைக்கப்படவில்லை. பல பத்தாண்டுகள் கழித்தே அது வைக்கப்பட்டது. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் அவரை 2018-இல்தான் சேர்த்துக்கொண்டது. 1992-இல் அதே மண்டபத்தில் சேர்க்கப்பட்ட ஜானி கேஷ், தம் ஏற்புரையில் அவரை நினைவுகூர்ந்திருந்தார் என்பதைப் பார்க்கும்போது, பாடகர்கள் அறிந்திருந்ததை வரலாறு எழுதியவர்கள் அறிய இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

லிட்டில் ரிச்சர்டின் கூவல் காஸ்பலிலிருந்து வந்தது என்பது உண்மையா?

உண்மை; அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் 1932-இல் பிறந்த ரிச்சர்ட் பென்னிமன், குடும்பத்தோடு சபைகளில் பாடி வளர்ந்தார். 1947-இல் மேக்கன் நகர மண்டபத்துக்கு ரொசெட்டா தார்ப் கச்சேரிக்கு வந்தபோது, அங்கே குளிர்பானம் விற்றுக்கொண்டிருந்த சிறுவன் ரிச்சர்ட் அவருடைய பாடல்களைப் பாடிக் காட்டினான்; தார்ப் அவனை அன்று மாலை தம் மேடையில் பாட வைத்துப் பணமும் கொடுத்தார். உயரத்தில் போய் ‘ஊ’ என்று வெடிக்கும் அவருடைய முத்திரைக் கூவலோ, பிலடெல்பியாவைச் சேர்ந்த கிளாரா வார்டின் குழுவில் பாடிய மரியன் வில்லியம்ஸ் என்ற காஸ்பல் பாடகியிடமிருந்து வந்தது. வில்லியம்ஸின் பழைய பதிவுகளைக் கேட்டால் ஐயம் தீர்ந்துவிடும். அந்தக் கூவலைப் பிறகு லிவர்பூலின் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி ரிச்சர்டிடமிருந்து கற்றுக்கொண்டார். உலகமெங்கும் இளைஞர்கள் பீட்டில்ஸின் கூவலைக் கேட்டு மெய்ம்மறந்தபோது, பிலடெல்பியாவின் ஒரு காஸ்பல் குழுவில் தோன்றிய குரல் அசைவையே அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1955-இல் லாஸ் ஏஞ்சலஸின் ஸ்பெஷால்டி நிறுவனத் தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் தேடிக்கொண்டிருந்தது, காஸ்பல் பாடகனைப் போன்ற குரலில் புளூஸ் பாடக்கூடிய ஒருவரை. செப்டம்பர் 14-ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸில் கோசிமோ மட்டாசாவின் பதிவுக்கூடத்தில் ‘டூட்டி ஃப்ரூட்டி’ பதிவானது. மதுவிடுதிகளில் அவர் பாடிவந்த ஆபாச வரிகளை நீக்கி, டோரதி லாபோஸ்ட்ரி என்ற உள்ளூர்ப் பாடலாசிரியர் புதிய வரிகள் எழுதிக் கொடுத்த பிறகே அதைப் பதிவு செய்ய முடிந்தது. ஆபாசப் பாட்டையும் ஆலயக் குரலையும் ஒரே வாயில் வைத்திருந்த இந்த முரண் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

1957 அக்டோபரில், ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தின் நடுவில், புகழின் உச்சியில் இருந்தபோதே ராக் அண்ட் ரோலைத் துறப்பதாக அவர் அறிவித்தார். விலையுயர்ந்த மோதிரங்களைக் கழற்றித் தண்ணீரில் எறிந்தார். வானத்தில் கண்ட நெருப்பு ஒளியைக் கடவுளின் எச்சரிக்கையாக அவர் எடுத்துக்கொண்டார். சோவியத் நாடு ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியிருந்த நாட்கள் அவை. பின்னர் அலபாமாவின் ஓக்வுட் கல்லூரியில் இறையியல் படித்து, காஸ்பல் இசைத்தட்டுகளும் வெளியிட்டார். 1962-இல் இங்கிலாந்துக்குப் போன இடத்தில், கூட்டம் எதிர்பார்த்தது பழைய பாடல்களை என்று தெரிந்ததும் மீண்டும் அவற்றுக்கே திரும்பினார். அதன் பிறகும் இந்த ஊசலாட்டம் ஓயவில்லை.

காஸ்பல் மெட்டுகளே நேராக எடுத்தாளப்பட்டனவா?

ஆம். மிகத் தெளிவான சான்று ரே சார்லஸ். 1954-இல் சதர்ன் டோன்ஸ் என்ற குழுவின் ‘இட் மஸ்ட் பி ஜீசஸ்’ பாடலைக் காரில் போகும்போது வானொலியில் கேட்டு, அதன் அமைப்பில் ‘ஐ காட் எ வுமன்’ பாடலை அவரும் இசைக்குழுவினர் ஒருவரும் உருவாக்கினார்கள். நவம்பரில் அட்லாண்டாவின் ஒரு வானொலி நிலையத்தில் பதிவான அந்தப் பாடல் மறு ஆண்டு ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1956 ஜனவரியில் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காக எல்விஸ் முதன்முதலாகப் பதிவு செய்த பாடலும் இதுவே. இயேசுவைப் பற்றிய ஒரு பாடல் இரண்டே ஆண்டுகளுக்குள் நாஷ்வில்லில் ஒரு வெள்ளை இளைஞனின் காதல் பாட்டாக வந்து நின்றுவிட்டது. புளூஸ் பாடகர் பிக் பில் புரூன்சியே, இப்படிப் புனிதத்தையும் புளூஸையும் கலப்பது முறையல்ல என்று கண்டித்தார். சபையார் மட்டுமல்ல, மறுகரையில் இருந்தவர்களும் முகம் சுளித்தார்கள்.

எல்விஸ் பிரெஸ்லி கேட்டது வெள்ளையர் காஸ்பலா, கறுப்பினத்தவர் காஸ்பலா?

இரண்டும். இதில் ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள். மிசிசிப்பியின் டூப்பலோ ஊரில் அவருடைய குடும்பம் அசெம்ப்ளி ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தது. 1948-இல் மெம்பிஸுக்குக் குடிபெயர்ந்த பிறகு, எல்லிஸ் மண்டபத்தில் விடிய விடிய நடக்கும் காஸ்பல் நிகழ்ச்சிகளுக்கு அவர் தவறாமல் போனார். பிளாக்வுட் பிரதர்ஸ், ஸ்டேட்ஸ்மென் ஆகிய வெள்ளையர் நால்வர் குழுக்கள் அங்கே நட்சத்திரங்கள். ஸ்டேட்ஸ்மென் குழுவின் ஜேக் ஹெஸ் உணர்ச்சி ததும்ப இழுத்துப் பாடும் முறை எல்விஸின் மெதுநடைப் பாடல்களில் அப்பட்டமாகத் தெரியும். அதே குழுவில் கீழ்க்குரல் பாடிய ஜிம் வெதரிங்டன் பாடும்போது காலை உதறி ஆட்டுவார், பெண்கள் கூச்சலிடுவார்கள். எல்விஸின் கால் ஆட்டத்துக்கு வேர் தேடுபவர்கள் மதுவிடுதிகளுக்கு மட்டும் போகத் தேவையில்லை. ‘சாங்ஃபெல்லோஸ்’ என்ற இளைஞர் காஸ்பல் குழுவில் சேர அவர் பாடிக் காட்டி, தேர்வாகாமல் திரும்பியதும் நடந்தது.

இன ஒதுக்கல் சட்டங்கள் நடைமுறையில் இருந்த அதே மெம்பிஸில், ஈஸ்ட் டிரிக் பாப்டிஸ்ட் சபையில் டபிள்யூ. ஹெர்பர்ட் புரூஸ்டர் என்ற கறுப்பினப் போதகர் ஞாயிறு இரவு ஆராதனையை வானொலியிலும் ஒலிபரப்பி வந்தார். எல்விஸ் உள்ளிட்ட வெள்ளை இளைஞர்கள் அங்கே போய் அமர்ந்து கேட்டார்கள். காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன் 1947-இல் பதிவு செய்து பெருவெற்றி பெற்ற ‘மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்’ பாடலை எழுதியவர் இந்தப் புரூஸ்டர்தான்.

1957 ஜனவரி 6-ஆம் நாள் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இடுப்புக்குக் கீழே காட்டக் கூடாது என்று கேமராவுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட அதே நிகழ்ச்சியில், டார்சி எழுதிய ‘பீஸ் இன் த வேலி’ பாடலை எல்விஸ் அமைதியாக நின்று பாடினார். அவருக்குப் பின்னால் நின்று பாடிய ஜோர்டனேர்ஸும் அடிப்படையில் ஒரு காஸ்பல் குழு. போட்டிப் பிரிவுகளில் அவர் பெற்ற மூன்று கிராமி விருதுகளும் காஸ்பல் பாடல்களுக்கே. அவரை உலகம் எதற்காகக் கொண்டாடியதோ அந்த இசைக்கு ஒன்றுகூட வரவில்லை.

இசைத்தட்டு நிறுவனங்களுக்கு இதில் பங்கு உண்டா?

நிறைய உண்டு, இது போதிய கவனம் பெறாத பகுதியும்கூட. சிறு நிறுவனங்கள் பல, காஸ்பலையும் ரிதம் அண்ட் புளூஸையும் ஒரே முதலாளி, ஒரே பதிவுக்கூடம், ஒரே விற்பனை வழி என்று நடத்தின. ஹூஸ்டனில் டான் ரோபியின் பீகாக் நிறுவனம் ஒருபுறம் ஃபைவ் பிளைண்ட் பாய்ஸ், டிக்ஸி ஹம்மிங்பேர்ட்ஸ் குழுக்களையும் மறுபுறம் ‘ஹவுண்ட் டாக்’ பாடிய பிக் மாமா தார்ன்டனையும் வைத்திருந்தது. ஆர்ட் ரூப்பின் ஸ்பெஷால்டி நிறுவனம் பில்கிரிம் டிராவலர்ஸ் குழுவைப் பதிவு செய்தபோது, அவர்கள் காலால் தரையில் தட்டும் தாளத்தைப் பிடிக்கத் தனியே ஒரு மைக்கைப் பாதங்களுக்கு அருகில் வைத்தது. அந்தத் தட்டல் ஒலியையே விளம்பரமும் செய்தது. காஸ்பலில் எது விற்கிறது என்று காதால் கற்றுக்கொண்ட தயாரிப்பாளர்கள்தாம் சில ஆண்டுகளில் லிட்டில் ரிச்சர்டைத் தேடிப் பிடித்தார்கள். சன் நிறுவனத்தின் சாம் பிலிப்ஸ் மட்டும் இதில் வேறு வழியில் போனார்: காஸ்பல் பாட வந்த ஜானி கேஷிடம், அதை விற்க முடியாது, வேறு பாடல் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

சபைகள் ராக் அண்ட் ரோலை எதிர்த்தன என்றால், இந்தக் கலைஞர்கள் அதை எப்படித் தாங்கிக்கொண்டார்கள்?

எளிதாகத் தாங்கவில்லை. பிசாசின் இசை என்ற பழி அவர்களுக்கு வெளியிலிருந்து வந்த வசவு மட்டுமல்ல. பலர் அதை உள்ளூர நம்பினார்கள். லூசியானாவின் ஃபெரிடே ஊரைச் சேர்ந்த ஜெர்ரி லீ லூயிஸ், டெக்ஸாஸின் வாக்சஹாச்சியில் இருந்த வேதாகமப் பள்ளியில் படிக்கும்போது ஒரு பக்திப்பாடலை பூகி-வூகி என்ற துள்ளல் பியானோ நடையில் வாசித்ததற்காக வெளியேற்றப்பட்டார். 1957 அக்டோபரில் ‘கிரேட் பால்ஸ் ஆஃப் ஃபயர்’ பாடலைப் பதிவு செய்ய உட்கார்ந்தவர், இந்தப் பாட்டுப் பாடினால் ஆத்துமா இரட்சிக்கப்படுமா என்று சாம் பிலிப்ஸோடு வாதிட்டது ஒலிநாடாவிலேயே இருக்கிறது. கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அவர் விளையாடவில்லை. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஜிம்மி ஸ்வாகர்ட், அதே பியானோ நடையோடு தொலைக்காட்சிப் போதகரானார்.

சாம் குக்கின் நிலை வேறு. சோல் ஸ்டிரர்ஸ் குழுவின் தலைமைப் பாடகராகக் காஸ்பல் உலகில் அவர் பெருநட்சத்திரம். உலகியல் பாடல் பாடினால் அந்தக் கூட்டம் கைவிட்டுவிடும் என்று தெரியும். ஆகவே முதல் காதல் பாடலை ‘டேல் குக்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். குரலைக் கேட்ட யாரும் ஏமாறவில்லை. அடுத்து ‘யூ செண்ட் மீ’ பதிவின்போது பின்னணிக்கு வெள்ளையர் பாடகர் குழுவைப் பயன்படுத்தியது ஆர்ட் ரூப்புக்குப் பிடிக்காமல் போக, அந்தப் பதிவோடு பிளாக்வெல்லும் குக்கும் ஸ்பெஷால்டியை விட்டு வெளியேறினார்கள். 1957-இல் கீன் என்ற புதிய நிறுவனம் வெளியிட்ட அது நாட்டின் முதலிடப் பாடலாயிற்று.

மஹாலியா ஜாக்சன் போலக் கடைசி வரை கோட்டைத் தாண்ட மறுத்தவர்களும் உண்டு. எவ்வளவு பணம் காட்டியும் அவர் புளூஸ் பாடவில்லை.

காஸ்பல் தாக்கம் அதிகம் இல்லாத முன்னோடிகள் உண்டா?

உண்டு. பில் ஹேலி கன்ட்ரி, வெஸ்டர்ன் ஸ்விங் வழியாக வந்தவர். ஃபேட்ஸ் டாமினோவின் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய பியானோ நியூ ஆர்லியன்ஸ் மரபைச் சேர்ந்தது. சக் பெர்ரி வீட்டில் பாப்டிஸ்ட் பாடகர் குழு ஒத்திகை நடந்ததுண்டு என்றாலும், அவருடைய கிதாருக்கு டி-போன் வாக்கரும், லூயிஸ் ஜோர்டனின் குழுவில் வாசித்த கார்ல் ஹோகனும்தான் நேரடி ஆசான்கள். அவரைத் தார்ப்பின் சீடராக்கிவிடும் அண்மைக்கால ஆர்வம் எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. தார்ப்பின் பெருமைக்கு அந்த மிகை தேவையுமில்லை.

புதிதாகக் கேட்பவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

இணையத்தில் பெரும்பாலானவை எளிதாகக் கிடைக்கின்றன. பாடல்களை இணை இணையாகக் கேட்பதே என் பரிந்துரை. முதலில் மரியன் வில்லியம்ஸ் பாடும் வார்டு குழுவின் ‘ஷ்யூர்லி காட் இஸ் ஏபிள்’, உடனே லிட்டில் ரிச்சர்டின் எந்தப் பாடலும். பிறகு சதர்ன் டோன்ஸும் ரே சார்லஸும். ரொசெட்டா தார்ப்பின் 1944-ஆம் ஆண்டுப் பதிவையும் மான்செஸ்டர் காட்சியையும் தனியாக, பொறுமையாகப் பார்க்க வேண்டும். சாம் குக்கின் காஸ்பல் பதிவுகளைக் கேட்டுவிட்டு அவருடைய காதல் பாடல்களுக்கு வந்தால், குரலில் ஒரு நூலளவுகூட மாற்றமில்லை என்பது விளங்கும்.

இவற்றோடு, 1956 டிசம்பர் 4-ஆம் நாள் சன் பதிவுக்கூடத்தில் தற்செயலாகப் பதிவான ஒலிநாடாவைத் தவறவிடக் கூடாது. கார்ல் பெர்கின்ஸின் பதிவு நடந்துகொண்டிருந்த இடத்துக்கு எல்விஸ் சும்மா வந்து சேர, பெர்கின்ஸுக்காகப் பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஜெர்ரி லீ லூயிஸும் சேர்ந்துகொண்டார். ஜானி கேஷும் அன்று அங்கே வந்திருந்தார். யாரும் பாடச் சொல்லாத அந்த மதியத்தில், இந்த இளைஞர்கள் தங்கள் வெற்றிப் பாடல்களை விட அதிக நேரம் பாடியவை சபைப் பாடல்கள். ஒருவர் தொடங்கியதும் மற்றவர் தமக்குரிய குரலில் வந்து சேர்ந்துகொள்கிறார், வரிகளை யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.